மெடிக்கல் ஸ்கூலுக்கு அப்ளை பண்ணப் போற பசங்களுக்கு: மென்டரை (வழிகாட்டியை) எப்படிப் பிடிக்கிறது, இன்டர்ன்ஷிப் எங்க தேடுறது

எங்க பெரிய பொண்ணு போன ஆகஸ்ட்ல இங்க டெக்ஸஸ்ல ஒரு மெடிக்கல் ஸ்கூல்ல சேர்ந்து வெள்ளை கோட்டு போட்டுக்கிட்டா. அது ரெண்டாவது தடவை அப்ளை பண்ணிக் கிடைச்ச சீட்டு. முதல் தடவை ஒரு இன்டர்வியூ கூட வரல. மார்க் கம்மியோன்னு கேட்டா அதுவும் இல்ல, ரெண்டு தடவையும் ஜிபிஏ (4க்குக் கணக்கிடுற காலேஜ் மார்க் சராசரி) கிட்டத்தட்ட அதேதான், எம்கேட் (மெடிக்கல் ஸ்கூல் நுழைவுத் தேர்வு) ஸ்கோர் அதேதான், திரும்ப எழுதவே இல்ல. நடுவுல மாறினது ரெண்டே விஷயம், அவ ஒரே இடத்துல ஒரு வருஷம் முழுசா வேலை பார்த்தா, அங்க இருந்த ஒருத்தர் அவளைப் பக்கத்துல இருந்து பார்த்து சிபாரிசு லெட்டர் எழுதினார். இதை முதல் வருஷமே எங்களுக்கு யாராவது சொல்லியிருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்னு நினைச்சு நினைச்சுத்தான் இதை எழுதுறேன்.

முதல்ல அப்பா அம்மாக்களுக்கு. நம்ம ஊர்ல ப்ளஸ் டூ, நீட், கவுன்சிலிங், 18 வயசுல எம்பிபிஎஸ் கிளாஸ்ல உக்காந்துடலாம். அந்தக் கணக்கை மனசுல வச்சுக்கிட்டுத்தான் நாம இங்கயும் மார்க் மார்க்னு பசங்களைப் பிடிச்சு நெருக்குறோம். இங்க முதல்ல நாலு வருஷ டிகிரி, அது எந்த மேஜரா வேணா இருக்கலாம், பயாலஜி கெமிஸ்ட்ரி ஃபிசிக்ஸ் மாதிரி கேக்குற கோர்ஸ் எல்லாம் லேபோட முடிச்சிருக்கணும், அப்புறம் எம்கேட், அதுக்கப்புறம்தான் நாலு வருஷ எம்.டி (நம்ம ஊர் எம்பிபிஎஸ் மாதிரி). வருஷத்துக்கு 50,000 பேருக்கு மேல அப்ளை பண்றாங்க, சேர்றது சுமார் 23,000 பேர். சேர்றவங்களோட சராசரி ஜிபிஏ 3.8 பக்கம், எம்கேட் 528க்கு 511, 512. அதாவது நல்ல மார்க் வச்சிருக்கிறவங்க நிறைய பேர் வெளிய நிக்கிறாங்க. மார்க் வாசல் வரைக்கும் கொண்டு விடும், உள்ள கூப்பிடுறதுக்கு அவங்க வேற ஒன்னு பாக்குறாங்க, இந்தப் பிள்ளை நோயாளி பக்கத்துல நின்னிருக்காளா, அதைப் பார்த்த பெரியவங்க யாராவது இவளுக்காகப் பேசுவாங்களா.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துடுறேன். ஊர்ல இன்டர்ன்ஷிப்னா எம்பிபிஎஸ் முடிச்சு ஹவுஸ் சர்ஜனா இருக்கிற வருஷம். இங்க டாக்டர்கள் இன்டர்ன்னு சொல்றது ரெசிடென்சியோட (எம்.டி முடிச்சப்புறம் ஆஸ்பத்திரில எடுக்குற பயிற்சியோட) முதல் வருஷத்தை. நான் இங்க சொல்ற இன்டர்ன்ஷிப் அது ரெண்டும் இல்ல, காலேஜ் படிக்கிற பசங்க ஆஸ்பத்திரியிலயோ கிளினிக்லயோ ரிசர்ச் லேப்லயோ கொஞ்ச மாசம் போய் வேலை பாக்குறது. எங்க அம்மா திருச்சியிலிருந்து ஃபோன்ல "இன்டர்ன்ஷிப் போறான்னா டாக்டர் ஆயிட்டாளா"ன்னு கேட்டாங்க, அதனால சொல்றேன்.

மென்டர்னா யாரு

பெரிய டாக்டரா, பெரிய ஆஸ்பத்திரில சீஃபா இருக்கணும்னு நாங்களும் நினைச்சோம். தமிழ்ச் சங்கத்துல தெரிஞ்ச ஒரு கார்டியாலஜிஸ்ட் அண்ணன்கிட்ட போய் நின்னோம், அவரும் நல்ல மனசோட ரெண்டு நாள் கூட வச்சுக்கிட்டு எல்லாம் காட்டினார், லெட்டரும் கொடுத்தார். ஆனா ரெண்டு நாள்ல ஒருத்தரைப் பத்தி என்ன தெரியும்? புத்திசாலிப் பொண்ணு, மரியாதையான பொண்ணு, அவ்வளவுதான் எழுத முடியும். அந்த மாதிரி லெட்டர் எல்லார்கிட்டயும் இருக்கும்.

ஒரே ஆளைத் தேடாம மூணு நாலு பேரா பிரிச்சுக்கோங்க. காலேஜ்ல ப்ரீ ஹெல்த் அட்வைஸர்னு ஒருத்தர் இருப்பார், முதல் செமஸ்டர்லயே போய்ப் பாருங்க, எந்த கோர்ஸ் எப்ப எடுக்கணும், உங்க காலேஜ்ல கமிட்டி லெட்டர் (காலேஜ் குழுவே சேர்ந்து எழுதுற சிபாரிசு லெட்டர்) உண்டா, அதுக்குக் கடைசித் தேதி என்ன, இதெல்லாம் அவர்கிட்டதான் கிடைக்கும். சில காலேஜ்ல அட்வைஸர் ஒருத்தருக்கு நூத்துக்கணக்குல பசங்க, அவர் உங்களை ஞாபகம் வச்சுக்கலன்னா வருத்தப்படாதீங்க, தகவலுக்கு மட்டும் போங்க. அடுத்து உங்களுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி போன சீனியர். இப்ப எம்.டி முதல் வருஷம் படிக்கிற பையனுக்குத் தெரியுற அளவுக்கு அப்ளிகேஷன் விவரம் 20 வருஷம் முன்னாடி படிச்ச டாக்டருக்குத் தெரியாது, எம்கேட்டே 2015ல முழுசா மாறிப்போச்சு, சைக்காலஜி சோஷியாலஜி எல்லாம் உள்ள வந்துடுச்சு. மூணாவது சயின்ஸ் ப்ரொஃபஸர் ஒருத்தர். நாலாவதுதான் டாக்டர்.

ப்ரொஃபஸர் விஷயத்துல நம்ம பசங்களுக்கு ஒரு தயக்கம் இருக்கு. ஆஃபீஸ் அவர்ஸ்னா (ப்ரொஃபஸரை அவர் ரூம்ல போய்ப் பாக்குற நேரம்) சரியா படிக்காதவங்க போறதுன்னு நினைச்சுக்கிட்டுப் போகவே மாட்டாங்க, எங்க பொண்ணும் அப்படித்தான், ஆர்கானிக் கெமிஸ்ட்ரில ஏ வாங்கினா, அந்த ப்ரொஃபஸருக்கு இவ முகமே தெரியாது. 200 பேர் கிளாஸ்ல ஏ வாங்கின 40 பேர்ல ஒருத்தி. அப்புறம் பயோகெமிஸ்ட்ரி கிளாஸ்ல அந்தப் பழக்கத்தை மாத்திக்கிட்டா, வாரம் ஒரு தடவை போய் ஏதாவது ஒரு கேள்வி, வீட்டுல யோசிச்சுட்டுப் போன கேள்வி, கேப்பா. மூணாவது வாரத்துல அந்த ப்ரொஃபஸர் அம்மா "நீ ஏன் மெடிசின் படிக்கணும்னு நினைக்கிற"ன்னு திருப்பிக் கேட்டிருக்காங்க. இவ சொன்ன பதிலைக் கேட்டுட்டு "இது எல்லாரும் சொல்றது, உன் பதில் இன்னும் வரல, நீ இன்னும் நோயாளிகளையே பாக்கல"ன்னு சொல்லிட்டாங்க. வீட்டுக்கு வந்து அழுதா. நானும் அந்த அம்மா மேல கோபப்பட்டேன். இப்ப சொல்றேன், அந்த மாதிரி முகத்துக்கு நேரா சொல்ற ஆள் கிடைச்சா விட்டுடாதீங்க, பாராட்டுறவங்க நிறைய பேர் கிடைப்பாங்க.

மெயில் எப்படி எழுதுறது

ரிசர்ச் லேப்ல சேரணும்னா மெயில் அனுப்பித்தான் ஆகணும், யாரும் வந்து கூப்பிட மாட்டாங்க. எங்க பொண்ணு 14 மெயில் போட்டா, 3 பதில் வந்துச்சு, ஒன்னுல இடம் கிடைச்சுது. ஒரே மெயிலைப் பேரை மட்டும் மாத்தி அனுப்பினா அது படிக்கிறவங்களுக்கு உடனே தெரிஞ்சுடும். ஆறு ஏழு வரி போதும். நீங்க யாரு, எந்த வருஷம், என்ன மேஜர். அந்த லேபோட எந்த பேப்பரைப் படிச்சீங்க, அதுல உங்களை எது யோசிக்க வச்சுது (இந்த ஒரு வரிக்காக ஒரு சாயங்காலம் செலவு பண்ணுங்க, வீண் போகாது). வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வர முடியும், எத்தனை செமஸ்டர் இருப்பீங்க. கடைசியா 15 நிமிஷம் நேர்ல பேச முடியுமான்னு கேளுங்க. ரெஸ்யூமே ஒரு பக்கம். ரெண்டு வாரம் பதில் இல்லன்னா மறுபடி ஒரே ஒரு தடவை ஞாபகப்படுத்துங்க, அதுக்கு மேல வேண்டாம். லேப்ல பெரிய ப்ரொஃபஸரைவிட அங்க இருக்கிற பிஎச்டி ஸ்டூடண்டும் போஸ்ட்டாக்கும்தான் (பிஎச்டி முடிச்சு ஆராய்ச்சி பண்றவர்) உங்களுக்கு வேலை சொல்லிக் கொடுப்பாங்க, அவங்ககிட்ட நல்லா பழகுங்க.

டாக்டர்கிட்ட ஷேடோயிங் (கூடவே நின்னு அவர் வேலையைப் பாக்குறது) கேக்குறதுன்னா முதல்ல உங்க குடும்ப டாக்டர்ல ஆரம்பிங்க. நம்ம ஆளுங்க மூலமா கேக்குறதுலயும் தப்பில்ல, ஃபெட்னா (வட அமெரிக்கத் தமிழ்ச் சங்கப் பேரவை) விழா ஜூலை 4 ஒட்டி வருஷா வருஷம் நடக்குதுல்ல, அங்க வர்ற தமிழ் டாக்டர்கள் நிறைய பேர் பசங்ககிட்ட பேசத் தயாரா இருக்காங்க. ஆனா சொந்தக்காரங்க டாக்டரா இருந்தா கூடப் போய்ப் பாருங்க, லெட்டர் மட்டும் வாங்காதீங்க, அதை யாரும் மதிக்க மாட்டாங்க. ஷேடோயிங் 40, 50 மணி நேரம் இருந்தா போதும்னு நிறைய அட்வைஸர்கள் சொல்றாங்க, ஒரே ஸ்பெஷாலிட்டி மட்டும் பாக்காம குடும்ப மருத்துவம், உள் மருத்துவம் மாதிரி ஒன்னாவது சேர்த்துப் பாருங்க. ஷேடோயிங்ல நீங்க ஒரு ஓரமா நிக்கிறீங்க, அவ்வளவுதான், அதை மட்டும் வச்சு நோயாளிகளோட பழகின அனுபவம்னு எழுத முடியாது.

எந்த இன்டர்ன்ஷிப் உண்மையில உதவுது

இங்கதான் நாங்க நிறைய காசும் நேரமும் விட்டோம். முதல் வருஷ லீவுல "மெடிக்கல் லீடர்ஷிப்"னு ஒரு சம்மர் ப்ரோக்ராம், அழகா ஒரு கவர்ல "நீங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளீர்கள்"னு லெட்டர் வந்துச்சு, சில ஆயிரம் டாலர் கட்டினோம், பத்து நாள் ஹோட்டல் ஹால்ல லெக்சர் கேட்டுட்டு வந்தா. ஒரு நோயாளியைக் கூடப் பாக்கல. காசு வாங்கிக்கிட்டு நடத்துற எதையும் கட்டறதுக்கு முன்னாடி ஒரே கேள்வி கேளுங்க, இதுல என் பிள்ளை யாரோட, எத்தனை மணி நேரம், என்ன வேலை பார்ப்பா. பதில் தெளிவா வரலன்னா விட்டுடுங்க.

நல்லது எதுன்னா, பெரும்பாலும் பேர் இல்லாத, பளபளப்பு இல்லாத வேலைங்க. சிஎன்ஏ (நர்ஸுக்கு உதவியாளர்) ட்ரெய்னிங் எடுத்து நர்சிங் ஹோம்ல வேலை பாக்கலாம், மத்திய அரசு விதிப்படி குறைஞ்சது 75 மணி நேர ட்ரெய்னிங், பல மாநிலத்துல அதைவிட அதிகம். பெட்பேன் மாத்துறது, குளிப்பாட்டுறது, சாப்பாடு ஊட்டுறதுன்னு இருக்கும், நம்ம வீட்டுப் பிள்ளைங்களை இந்த வேலைக்கு அனுப்பணுமான்னு தோணும், எனக்கும் தோணுச்சு. ஆனா ஒரு பிள்ளைக்கு மெடிசின் சரிப்படுமா இல்லையான்னு அங்க ஒரு மாசத்துல தெரிஞ்சுடும், சரிப்படலன்னா 20 வயசுல தெரியுறது நல்லதுதானே. இஎம்டி (ஆம்புலன்ஸ்ல அவசர முதலுதவி செய்றவர்) கோர்ஸ் ஒரு செமஸ்டர்ல முடிக்கலாம், 150 மணி நேரத்துக்கு மேல போகும், பரீட்சை உண்டு, அப்புறம் ஆம்புலன்ஸ்ல போகலாம். மெடிக்கல் ஸ்கிரைப் வேலை, டாக்டர் நோயாளிகிட்ட பேசும்போது கூடவே இருந்து நோட்ஸ் டைப் பண்றது, எங்க பொண்ணு பண்ணது இதுதான். இப்ப நிறைய கிளினிக்ல ஏஐயே கேட்டு எழுதிடுது, அதனால ஸ்கிரைப் வேலை முன்ன மாதிரி சுலபமா கிடைக்காது, மெடிக்கல் அசிஸ்டென்ட் வேலையும் சேர்த்துத் தேடுங்க.

ஹாஸ்பைஸ் (கடைசிக் காலத்துல இருக்கிறவங்களைப் பராமரிக்கிற இடம்) வாலண்டியரிங் பத்தித் தனியா சொல்லணும். வாரம் ரெண்டு மணி நேரம்தான். எங்க பொண்ணு வியாழக்கிழமை தோறும் ஒரு பாட்டிகூட உக்காருவா, அவங்களுக்கு நகம் வெட்டி பாலிஷ் போட்டு விடணும், அது மட்டும்தான் கேப்பாங்க. ஒரு வியாழக்கிழமை போனா படுக்கை காலி. அன்னிக்கு அங்க இருந்த நர்ஸ் ஒருத்தர் இவளை உக்கார வச்சு அரை மணி நேரம் பேசியிருக்காங்க, சாவைப் பார்த்துட்டு மறுநாள் வேலைக்கு எப்படி வர்றதுன்னு. மென்டர்னா டாக்டர்தான்னு நினைச்சுக்கிட்டிருந்த எனக்கு அந்த நர்ஸ் அம்மாவைப் பத்திக் கேட்டப்பதான் புரிஞ்சுது. ரெண்டாவது தடவை இன்டர்வியூவுல இவகிட்ட அந்தப் பாட்டியைப் பத்தித்தான் ரொம்ப நேரம் கேட்டாங்களாம்.

சம்பளம் கொடுத்து ரிசர்ச் பண்ண வைக்கிற ப்ரோக்ராமும் இருக்கு. என்எஸ்எஃப் (அமெரிக்க அரசோட அறிவியல் நிதி அமைப்பு) பணம் கொடுக்கிற ஆர்இயூங்கிற சம்மர் ரிசர்ச் ப்ரோக்ராம் வழக்கமா 8 முதல் 10 வாரம், ஆம்ஜென் மருந்து கம்பெனியோட ஃபவுண்டேஷன் நடத்துற ஆம்ஜென் ஸ்காலர்ஸும் ஏறக்குறைய அதே அளவுதான், ரெண்டுலயும் உதவித்தொகை உண்டு, அப்ளிகேஷன் குளிர்காலத்துலயே மூடிடும், ஏப்ரல்ல போய்த் தேடினா ஒன்னும் இருக்காது. டெக்ஸஸ்ல வருமானம் குறைஞ்ச குடும்பத்துப் பிள்ளைங்களுக்கு ஜாம்ப்னு ஒன்னு இருக்கு, 2001ல மாநில சட்டசபை கொண்டு வந்தது, காலேஜ் ஸ்காலர்ஷிப், மெடிக்கல் ஸ்கூல்லயே சம்மர் இன்டர்ன்ஷிப், மென்டர், எம்கேட் தயாரிப்பு எல்லாம் கொடுத்து, அவங்க சொல்ற தகுதியைக் காப்பாத்தினா டெக்ஸஸ் மெடிக்கல் ஸ்கூல் ஒன்னுல சீட்டும் உறுதி. காலேஜ் ஆரம்ப வருஷத்துலயே அப்ளை பண்ணணும். தகுதி இருந்தும் தெரியாம விட்ட ரெண்டு குடும்பத்தை எனக்குத் தெரியும், தயவுசெஞ்சு யாருக்காவது பொருந்தும்னா சொல்லுங்க.

ஆஸ்பத்திரில வாலண்டியரா சேர டிபி டெஸ்ட், தடுப்பூசி விவரம், பேக்ரவுண்ட் செக், ஹிப்பா (நோயாளி விவர ரகசியச் சட்டம்) ட்ரெய்னிங்னு பல வாரம் இழுக்கும். செமஸ்டர் ஆரம்பிச்சப்புறம் தொடங்காதீங்க, லீவுலயே பேப்பரை முடிச்சு வச்சுக்கோங்க.

விசால இருக்கிற பசங்க

இதை ரொம்ப வலியோடதான் எழுதுறேன், எங்க நண்பர்கள் வீட்டுல நடந்தது. ஹெச்4ல (வேலை விசால வந்தவங்க குடும்பத்துக்குக் கொடுக்கிற விசா) இருக்கிற பிள்ளை சம்பளத்துக்கு வேலை பாக்க முடியாது, அதனால சிஎன்ஏ, ஸ்கிரைப் எதுவும் கிடையாது, ஆஸ்பத்திரி வாலண்டியரிங், ஹாஸ்பைஸ், ஷேடோயிங்தான் வழி. 21 வயசு ஆனதும் ஹெச்4 முடிஞ்சு எஃப்1 ஸ்டூடண்ட் விசாவுக்கு மாறணும். எஃப்1ல வெளிய இன்டர்ன்ஷிப் போக காலேஜ் இன்டர்நேஷனல் ஆஃபீஸ்ல சிபிடிங்கிற வேலை அனுமதி வாங்கணும், வாங்காம ஒரு நாள் சம்பளம் வாங்கினாலும் ஸ்டேட்டஸ் போயிடும். ஆர்இயூ பெரும்பாலும் சிட்டிசனுக்கும் கிரீன் கார்டு இருக்கிறவங்களுக்கும்தான். மெடிக்கல் ஸ்கூல்கள்லயே பல இடம் இன்டர்நேஷனல் ஸ்டூடண்டை எடுக்கிறதில்ல, எடுக்கிற சில இடம் வருஷக் கட்டணத்தை முன்கூட்டியே எஸ்க்ரோல (பொறுப்புக் கணக்குல) போடச் சொல்லும். ஏஏஎம்சியோட (அமெரிக்க மெடிக்கல் கல்லூரிகள் சங்கம்) எம்எஸ்ஏஆர்ங்கிற ஆன்லைன் பட்டியல்ல ஒவ்வொரு ஸ்கூலும் யாரை எடுக்குதுன்னு இருக்கு, முதல் வருஷமே பார்த்து லிஸ்ட் போட்டு வச்சுடுங்க, நாலாவது வருஷம் தெரிஞ்சு உடைஞ்சு போறதை நான் கண்ணால பார்த்துட்டேன்.

லீவுல ஊருக்குப் போய் பாக்கலாமா

பாக்கலாம், பாக்கணும்னே சொல்வேன். மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரியை 1976ல டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கையோட ஆரம்பிச்சார், இன்னிக்கு அங்க ஏழைங்களுக்கு எப்படி இலவசமா ஆபரேஷன் பண்றாங்கன்னு ஒரு நாள் நின்னு பார்த்தா அமெரிக்கால வளர்ற பிள்ளைக்கு நிறைய புரியும். முன்கூட்டியே ஆஸ்பத்திரிகிட்ட எழுதி அனுமதி வாங்கிட்டுப் போங்க. ஒரே ஒரு எச்சரிக்கை. தெரிஞ்ச டாக்டர் மாமா பாசத்துல "வா, நீயே ஒரு தையல் போடு, ஊசி போடு"ன்னு சொல்லுவார். கையை வைக்கவே கூடாது. இங்க உங்களுக்கு அனுமதி இல்லாத எதையும் வேற நாட்டுல நோயாளி மேல செய்யக் கூடாதுங்கிறதுதான் ஏஏஎம்சியோட வழிகாட்டுதல், அப்படிச் செஞ்சதை அப்ளிகேஷன்ல பெருமையா எழுதினா அதுவே உங்களைக் கெடுத்துடும். அதைவிட முக்கியம், அங்க படுக்கையில படுத்திருக்கிறவங்க நம்ம ஜனங்க, அவங்க யாரும் பழகிப் பாக்குறதுக்குக் கிடைச்சவங்க இல்ல.

எழுதி வச்சுக்கோங்க, அப்புறம் லெட்டர் கேளுங்க

ஒரு நோட்டு போடுங்க. தேதி, எத்தனை மணி நேரம், மேல்பார்வை பார்த்தவங்க பேரு, அவங்க மெயில். அதுக்குக் கீழ அன்னிக்கு மனசுல நின்ன ஒன்னு, மூணு வரி. நோயாளி பேரு, அடையாளம் தெரியுற எதுவும் கூடாது. இது எதுக்குன்னா ஆம்கேஸ் (பெரும்பாலான எம்.டி ஸ்கூல்களுக்குப் பொதுவான ஆன்லைன் விண்ணப்பம்) அப்ளிகேஷன்ல 15 செயல்பாடு வரைக்கும் எழுதலாம், ஒவ்வொன்னுக்கும் 700 எழுத்து, அதுல ரொம்ப முக்கியமான மூணுக்கு மட்டும் கூடுதலா 1,325 எழுத்து. எங்க பொண்ணு முதல் தடவை 15ஐயும் நிரப்பினா, மூணு முக்கியமானது எதுன்னு தேர்ந்தெடுக்க உக்காந்தப்ப ஒன்னுலயும் எழுத விஷயம் இல்ல, எல்லாமே ரெண்டு மாசம் மூணு மாசம்தான். ரெண்டாவது தடவை 10தான் எழுதினா. ஸ்கிரைப் வேலை நோட்டு மட்டும் 90 பக்கம் இருந்துச்சு.

லெட்டர் கேக்குறப்ப "லெட்டர் தருவீங்களா"ன்னு கேக்காதீங்க, "என்னைப் பத்தி வலுவான லெட்டர் எழுத முடியும்னு நினைக்கிறீங்களா"ன்னு கேளுங்க. தயங்கினாங்கன்னா நன்றி சொல்லிட்டு வேற ஆளைப் பாருங்க, அரைமனசா எழுதின லெட்டர் இல்லாத லெட்டரைவிட மோசம். கூடவே ரெஸ்யூமே, நீங்க எழுதின கட்டுரையோட வரைவு, அவங்க கண்ணு முன்னாடி நடந்த ரெண்டு சம்பவம் ஞாபகப்படுத்தி ஒரு பக்கம் கொடுங்க. ஆறு எட்டு வாரம் டைம் கொடுங்க. லெட்டரை நான் படிக்க மாட்டேன்னு கையெழுத்து போட்டுடுங்க, போடலன்னா படிக்கிறவங்க அந்த லெட்டரை நம்ப மாட்டாங்க. ஆம்கேஸ் மே மாசம் ஆரம்பத்துல திறக்கும், டெக்ஸஸுக்குத் தனியா டிஎம்டிஎஸ்ஏஎஸ்னு ஒரு விண்ணப்பம் இருக்கு, அதுவும் மே மாசம்தான். அதனால பிப்ரவரியிலயே கேட்டு வச்சுடுங்க. சீக்கிரம் அனுப்புறவங்களுக்குத்தான் இன்டர்வியூ சீக்கிரம் வருது.

நாலாவது வருஷம் இதெல்லாம் சேரலன்னா அவசரப்படாதீங்க, சேர்றவங்கள்ல பாதிக்கு மேல காலேஜ் முடிச்சு ஒரு வருஷமாவது வெளிய இருந்துட்டுத்தான் வர்றாங்க. சொந்தக்காரங்க கேப்பாங்க, கேக்கட்டும்.

ஒன்னு பாக்கி இருக்கு. ரிசல்ட் என்னவா இருந்தாலும் லெட்டர் எழுதினவங்களுக்கு நீங்களே சொல்லுங்க. எங்க பொண்ணு முதல் தடவை எங்கயும் கிடைக்கலன்னு ஆனதும் யாருக்கும் முகம் காட்ட மாட்டேன்னு ரூமை விட்டு வெளிய வரல. மூணு வாரம் கழிச்சு நான் சொல்லிச் சொல்லி அந்த பயோகெமிஸ்ட்ரி ப்ரொஃபஸருக்கு மட்டும் நாலு வரி மெயில் போட்டா, கிடைக்கல, நீங்க எனக்காகச் செலவு பண்ண நேரத்துக்கு நன்றின்னு. அன்னிக்கு ராத்திரியே பதில் வந்துச்சு. அவங்களோட பழைய ஸ்டூடண்ட் ஒருத்தர் பக்கத்து ஊர்ல கிளினிக் வச்சிருக்கார், ஸ்கிரைப் தேடிக்கிட்டிருக்கார், திங்கக்கிழமை போய்ப் பாருன்னு.

அந்த டாக்டர்தான் ஒரு வருஷம் கழிச்சு லெட்டர் எழுதினது.